பெர்த் – கொக்கல: 5,650 கிலோமீட்டர், இரண்டு விடியல்

கூகுளில் இரண்டு ஊர்ப் பெயர்களைப் போட்டால் தூரமும் விமான நேரமும் உடனே வந்து விழுகின்றன. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம், இதில் ஆராய என்ன இருக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெர்த் – கொக்கல பாதையைப் பற்றிப் படித்த பிறகு அந்த வகுத்தல் கணக்கு வேறு மாதிரி தெரிகிறது.

பெர்த் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. கொக்கல, இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை ஊர். அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5,650 கி.மீ. வருகிறது. நடுவில் முழுக்க இந்தியப் பெருங்கடல்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் ஆஸ்திரேலியா – இங்கிலாந்து விமான வழி அறுந்தது. மறுவருடம் குவாண்டாஸ், கேட்டலினா என்ற கடல் விமானங்களை வைத்து இந்த நீண்ட வழியில் பறக்க ஆரம்பித்தது. மொத்தம் ஐந்து விமானங்கள், ஐந்துக்கும் நட்சத்திரப் பெயர்கள். அதில் ஆல்டேர் நம்ம திருவோணம், அண்டாரஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை. பெயர் மட்டுமில்லை, இரவில் வழி காட்டியதும் நட்சத்திரங்கள்தான். எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால் ரேடியோவில் பேசக் கூடாது.

அந்தப் பயம் வீண் பயமில்லை. 1942 ஏப்ரலில் இதே கொக்கலவிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினாதான், இலங்கையைத் தாக்க வந்த ஜப்பானியக் கப்பற்படையை முதலில் பார்த்தது. செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அதைச் சுட்டு வீழ்த்தினார்கள்.

இப்போது வகுத்தலுக்கு வருவோம். கேட்டலினாவின் வேகம் மணிக்குச் சுமார் 200 கி.மீ. அப்படியென்றால் 28 மணி நேரம். எதிர்க்காற்று 30 கி.மீ. அடித்தால்? 5,650-ஐ 170-ஆல் வகுக்க வேண்டும், 33 மணி நேரம் ஆகிவிடும். ஐந்து மணி நேரம் கூடுதல்! மணிக்கு 900 கி.மீ. போகும் இன்றைய ஜெட்டுக்கு இதே காற்றால் கூடுவது 13 நிமிடம்தான். நாம் சீட்டில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுவோம். அவர்களுக்கோ அந்த ஐந்து மணி நேரத்துக்கும் எரிபொருள் வேண்டும், இறங்கிப் போட்டுக்கொள்ள வழியில் இடம் கிடையாது. அதனால்தான் விமானம் முழுக்கப் பெட்ரோலைச் சுமந்துகொண்டு, மூன்றே மூன்று பயணிகளையும் 69 கிலோ தபாலையும் மட்டும் ஏற்றினார்கள்.

ஜப்பானிய விமானங்கள் திரியும் பகுதியை இருட்டில் தாண்டும்படி கிளம்பும் நேரத்தைக் குறித்தார்கள். எப்படிப் பறந்தாலும் 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் வானத்திலேயே இரண்டு தடவை விடிந்துவிடும். பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்' என்று ஒரு சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். அதிகபட்சமாக ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்திருக்கிறது.

1945 வரை 271 தடவை கடந்தார்கள். ஒரு விமானம்கூட விழவில்லை. இந்தப் புள்ளிவிவரத்தை மட்டும் நான் இரண்டு மூன்று இடங்களில் சரிபார்த்தேன், நம்ப முடியாமல்தான்.

ஐந்தில் ஒன்றையாவது அருங்காட்சியகத்தில் பார்க்கலாம் என்று தேடினேன். அமெரிக்கா கடனாகக் கொடுத்த விமானங்கள் அவை. போர் முடிந்ததும், ஒப்பந்தப்படி, கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.