சொன்ன ஆண்டில் வந்த வால்வெள்ளி

வால்வெள்ளி தோன்றினால் அரசனுக்கு ஆபத்து, நாட்டிற்குப் பஞ்சம் என்று பல நாட்டு மக்களும் நெடுங்காலம் அஞ்சி வந்தனர். கோள்கள் குறித்த வழியிற் செல்வன. வால்வெள்ளியோ எதிர்பாராது வந்து, எதிர்பாராது மறையும். அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டெனக் கணக்கிட்டுக் காட்டியவர் எட்மன்ட் ஹேலி என்னும் ஆங்கில அறிஞர்.

வால்வெள்ளி என்பது பனியும் தூசும் செறிந்த ஒரு கட்டி. ஞாயிற்றை அணுகும்போது பனி ஆவியாகித் தூசுடன் வெளிப்பட, அதுவே வாலாக நீளும்.

1682ஆம் ஆண்டில் அத்தகைய ஒன்றை ஹேலி தாமே கண்டு, அதன் நிலைகளைக் குறித்து வைத்தார். 1687இல் நியூட்டனின் ஈர்ப்பு விதி நூலாக வெளிவந்தது. அந்நூல் அச்சேறப் பொருளுதவியவரும் ஹேலியே. அவ்விதியைத் துணைக்கொண்டு இருபத்துநான்கு வால்வெள்ளிகளின் பாதைகளை அவர் ஆராய்ந்தார். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்றும் ஏறக்குறைய ஒரே பாதையிற் சென்றமை புலனாயிற்று. மூன்றும் ஒன்றே எனத் துணிந்த ஹேலி, அது 1758ஆம் ஆண்டளவில் மீளும் என்று 1705இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அவ்வாண்டைக் காண அவர் நூறு வயதைக் கடந்திருக்க வேண்டும். 1742இல், எண்பத்தைந்தாம் வயதில், அவர் காலமானார். அவர் சொல் மட்டும் எஞ்சி நின்றது.

குறித்த காலம் நெருங்கியபோது, பிரான்சில் கிளெரோ, லலாண்ட், லெப்போத் அம்மையார் ஆகிய மூவரும் மாதக்கணக்கில் அமர்ந்து அதன் வருகையை நுணுக்கமாகக் கணித்தனர். வியாழனும் சனியும் ஈர்ப்பதால், முன்னைய சுற்றைவிட இச்சுற்றுக்கு 618 நாள் கூடுதலாகும். 1759 ஏப்ரில் நடுப்பகுதியில் அது ஞாயிற்றை அண்மிக்கும். ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்று 1758 நவம்பரில் கிளெரோ அறிவித்தார்.

டிசம்பர் 25ஆந் தேதி இரவு, ஜேர்மனியில் டிரெஸ்டன் நகரை அடுத்த சிற்றூரில், பாலிச் என்னும் உழவர் தம் தொலைநோக்கியில் மங்கலானதோர் ஒளியைக் கண்டார். மறைந்தவரின் வாக்குப் பொய்க்கவில்லை! மார்ச் 13ஆந் தேதி அது ஞாயிற்றை அண்மித்தது. கணக்கிற்கும் நிகழ்ச்சிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மாதமே வேறுபாடு.

அந்த வால்வெள்ளி இன்று ஹேலியின் பெயராலேயே வழங்குகின்றது. அது வழிநெடுகச் சிந்திய தூசு ஆண்டுதோறும் மே மாதத்திலும் அக்டோபரிலும் புவியின் வளியில் எரிந்து, எரிவெள்ளிகளாக வீழ்கின்றது. இறுதியாக 1986இல் வந்து சென்ற வால்வெள்ளி, 2061இல் மீண்டும் வரும். முன்னோர் அஞ்சி நோக்கிய அவ்விருந்தாளியை, இன்றைய இளைய நேயர்கள் நாட்குறித்துக் காத்திருந்து வரவேற்கலாம்.