தும்பி

தருமிக்குப் பொற்கிழி வாங்கித் தந்ததாக மதுரையில் வழங்கும் கதைக்குரிய பாட்டு, குறுந்தொகையின் 2ஆம் பாடல். இறையனார் பாடியது. அதில் தலைவன் ஒரு தும்பியிடம் பேசுகிறான். அந்தத் தும்பி, பூவில் தேன் தேடும் வண்டினம். கன்னடத்துத் ‘தும்பி’யும் தெலுங்குத் ‘தும்மெத’வும் இன்றும் அதுதான். மலையாளத்திலோ தும்பி என்றால் தட்டான். தமிழிலும் இப்போது அந்தப் பொருளே மேலோங்கிவிட்டது. குறுந்தொகை படிக்கும் பிள்ளைகளுக்குத் தட்டான் படத்தைக் காட்டினால் பாட்டே கெட்டுப்போகும்.

ஏன் என்பதை நுண்ணோக்கி சொல்லும். பாட்டின் தும்பி சேர்ந்த தேனீ இனத்தின் தலையில் இரு தாடைகளுக்குக் கீழே மயிரடர்ந்த நீண்ட நாக்கு இருக்கும். அதைச் சுற்றியுள்ள உறுப்புகள் கூடிக் குழலாகித் தேனை உறிஞ்சும். கண்மாய்க் கரையில் பறக்கும் தட்டானுக்கு அந்தக் குழல் கிடையாது. அதற்கு இருப்பது கொசுவையும் ஈயையும் மென்று தின்னும் பல்வைத்த தாடை. 1793இல் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் தட்டான்கள் அடங்கும் பூச்சி வரிசைக்கு இட்ட ‘ஓடொனேட்டா’ என்ற பெயரே, பல் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தண்ணீரில் வளரும் அதன் இளம்பருவத்துக்குக் கீழுதடே ஆயுதம்: தலைக்கடியில் மடிந்து கிடக்கும், இரை நெருங்கியதும் நீண்டு கவ்வும்.