நூறு கண்ணிச் சங்கிலி

பத்துப் பத்தாக எண்ணும் வசதி மீட்டரோடுதான் நம் நிலத்துக்கு வந்தது என்று பலர் சொல்கிறார்கள். சர்வே துறையிலேயே தலை நரைத்தவன் நான். அதை ஒப்ப மாட்டேன். மீட்டருக்கு வெகுகாலம் முன்பே அந்தக் கணக்கு நம் வயல்களில் புழங்கியது.

1620ஆம் ஆண்டு வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் ஒரு சங்கிலியை வகுத்தார். நீளம் 66 அடி, இதையே ஒரு செயின் என்போம்; கண்ணிகள் 100. ஒரு கண்ணியை லிங்க் என்போம், அது 7.92 அங்குலம். கோணல் எண்ணாகத் தோன்றும். ஆனால் பத்துச் சதுரச் செயின் சேர்ந்தால் சரியாக ஒரு ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். 450 லிங்க் நீளம், 200 லிங்க் அகலம் உள்ள வயல் 90,000 சதுர லிங்க். மூன்று இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் 90 சென்ட். வரப்பில் நின்றபடியே சொல்லிவிடலாம்.

1956இல் நாடாளுமன்றம் எடையளவுச் சட்டம் இயற்றியது. பிறகு மீட்டர் படிப்படியாக நிலத்துக்கும் வந்தது. புதிய சங்கிலி 20 மீட்டர். அதிலும் 100 கண்ணிகள், ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர். 100 சதுர மீட்டர் ஒரு ஏர், 100 ஏர் ஒரு ஹெக்டேர். மில்லிமீட்டர் முதல் கிலோமீட்டர் வரை புள்ளியை நகர்த்தினால் போதும்.

சிக்கல் இரண்டு சங்கிலிக்கும் நடுவில் இருக்கிறது. பழையது 20 மீட்டர் அல்ல, 20.1168 மீட்டர். ஒரு செயினுக்கு வித்தியாசம் ஒரு சாணுக்கும் குறைவு என்று விட்டுவிடுகிறார்கள். அதே 90 சென்ட் வயலைச் சரியாக மாற்றினால் 36.42 ஏர் வரும். லிங்க்கை 20 சென்டிமீட்டர் என்று வைத்துப் பெருக்கினால் 36 ஏர்தான். 42 சதுர மீட்டர், அதாவது ஒரு சென்ட்டுக்கும் மேல், காகிதத்திலேயே காணாமல் போகிறது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது அந்த ஒரு சென்ட் போதும், வழக்குக்குப் போக.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் புலப்படத்தில் உள்ள எண்கள் லிங்க்கா, மீட்டரா என்று முதலில் பாருங்கள். லிங்க் என்றால் 0.201168ஆல் பெருக்குங்கள், தசமத்தை இடையில் வெட்டாதீர்கள், கடைசி விடையில் மட்டும் சுருக்குங்கள். பழைய நகலைத் தூக்கி எறியாதீர்கள். உங்கள் எல்லைக்கல் அந்தப் பழைய சங்கிலியால் அளந்து நட்டதாக இருக்கலாம்.