காலக்கெடு யாருக்கு?

ஒவ்வொரு சட்டத்துக்கும் ஆயுள் குறிக்க வேண்டும், குறித்த நாளுக்குள் அவை கூடிப் புதுப்பிக்காவிட்டால் அது தானாகவே சாகட்டும் என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த நாட்டில் எதற்குக் கெடு வைத்தார்கள், எதற்கு வைக்கவில்லை?

1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பையே குற்றமாக்கி, கைரேகை வாங்கி, ராத்திரியில் ஸ்டேஷனுக்கு வரவழைத்த அந்தச் சட்டத்துக்குக் கெடு கிடையாது. நாடு முழுக்க ஒழிய 1952 ஆயிற்று. 81 வருஷம்!

நம்ம கதைக்கு வருவோம். 1932 பூனா ஒப்பந்தம் 71 இடத்துக்குப் பதில் 148 என்று கணக்குக் காட்டி இரட்டை வாக்குரிமையைப் பறித்தது. மிச்சமிருந்த பிடி ஒன்றுதான்: முதல்நிலைத் தேர்தல். தனித்தொகுதிக்கு நான்கு வேட்பாளர்களைத் தலித்துகள் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைத்தான் ஊர் தேர்ந்தெடுக்க முடியும். ஒப்பந்தம் பத்து வருஷக் கெடு வைத்தது எதற்குத் தெரியுமா? இந்தப் பிடிக்குத்தான். இடங்கள், இரு தரப்பும் சேர்ந்து முடிவெடுக்கும்வரை நீடிக்கும் என்றார்கள்.

அரசியல் சட்டத்தில் முதல்நிலைத் தேர்தலே காணாமல் போனது. 334ஆவது பிரிவு இடங்களுக்கும் பத்தாண்டுக் கெடு வைத்தது. தன்னளவில் இன்னும் நீண்ட காலத்தையே விரும்பியதாக 1949 ஆகஸ்டில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் மறைக்காமல் சொன்னார். பிறகு 1959, 1969, 1980, 1989, 1999, 2009, 2019 என ஏழு தடவை நீட்டியாயிற்று. இன்றைய கெடு 2030 ஜனவரி.

ஏழு தடவையும் நீட்டினார்களே, என்ன குறை என்பார்கள். 2019ஐப் பாருங்கள். ஒரே திருத்தத்தில் தலித், பழங்குடி இடங்கள் நீண்டன; ஆங்கிலோ இந்தியர் நியமனம் நீளவில்லை. அதை ஒழிக்கவென்று தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருக்கவில்லை. நீட்டாமல் விட்டதே போதுமாயிற்று. இன்னொரு கேடும் உண்டு. இந்தப் பத்தாண்டைக் காட்டியே, படிப்பு, வேலை இட ஒதுக்கீட்டுக்கும் கெடு முடிஞ்சுபோச்சு என்று டீக்கடை முதல் பல்கலைக்கழகம் வரை புளுகுகிறார்கள். 15(4), 16(4) பிரிவுகளில் எந்தக் கெடுவும் இல்லை.

அப்போ கெடுவே கூடாதா? ஆளைப் பிடித்து அடைக்கும் அதிகாரத்துக்குக் கட்டாயம் வேண்டும். தடா சட்டத்துக்கு ஈராண்டுக் கெடு இருந்தது. மறுபடி மறுபடி நீட்டியவர்கள் 1995 மே மாதம் நீட்டாமல் விட, அது செத்தது. ஆனால் போட்ட வழக்குகள் அதன் பிறகும் ஓடின. அவற்றுக்கும் சேர்த்தே நாம் கெடு கேட்க வேண்டும்.

சேரிக்கும் ஊருக்கும் நடுவே நிற்கிற தீண்டாமைக்கு யாரும் நாள் குறிக்கவில்லை. அது சாகும் முன்னே அதை எதிர்க்க வந்த உரிமை ஏன் சாக வேண்டும்? 2030இல் இன்னொரு பத்தாண்டு பிச்சை கேட்டுப் போகக் கூடாது தோழர்களே. 334இல் உள்ள கெடுவை எடு, 1932இல் நாள் குறித்துக் கொன்ற முதல்நிலைத் தேர்தலைத் திருப்பிக் கொடு என்று கேட்போம்.