சிறையும் சொற்றுணையும்: சவ்வாது மலையோர் வழக்குகளை முன்னிட்டு ஓர் ஆய்வு

1. முன்னுரை

சிறை என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். பறவையின் இறகும், நீரைத் தடுக்கும் கரையும், காவலும், காவலில் வைக்கும் இடமும் அச்சொல்லாற் குறிக்கப்படும். புணை என்னும் சொல்லும் அத்தகையதே. அது தெப்பத்தைக் குறிக்கும், துணையைக் குறிக்கும், ஈட்டையும் குறிக்கும். ஒருவர்க்காக மற்றொருவர் ஈடு நிற்றலைப் புணைப்படுதல் என்றனர் முன்னோர். இன்று நீதிமன்றங்களிற் பிணை என வழங்குவது இக்கருத்தினோடு ஒத்தது. சிறைப்பட்டவன் கரையேறுதற்குப் பிறனொருவனுடைய சொல்லும் பொறுப்பும் தெப்பமாதல் வேண்டும் என்னும் உண்மை இச்சொல்லாட்சியிற் பொதிந்து கிடக்கின்றது.

சிறைப்பட்ட எளியோர்க்குச் சட்ட உதவி அளித்தல் மேனாட்டிலிருந்து வந்த புதிய கருத்து என்பர் சிலர். நிறுவனமும் விதியும் புதியனவே. ஆயின், வேற்று நிலத்தில் அகப்பட்டுத் தன் சொல் செல்லாத அவையில் நிற்பவனுக்காக ஒருவர் சென்று பேசும் அறம் பழையது. சவ்வாது மலையோர் அண்மைக் காலத்தில் ஆந்திர நாட்டுச் சிறைகளிற் பட்ட துன்பம் இதனை ஆராய்தற்கு ஏற்ற களமாகும். சட்ட உதவியின் உயிர்நிலை சட்ட அறிவு மட்டுமன்று, மொழியும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. இலக்கியம் காட்டும் நெறி

புறநானூற்று 47 ஆம் பாட்டின் சூழலை அதன் கொளு தெரிவிக்கின்றது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்று வந்தான் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர் கிழார் இடைநின்று பேசி அவனை உய்வித்தார். அவர் எடுத்துரைத்த வாதம் கருதத்தக்கது. ஒற்றன் அல்லன் என்பதற்குச் சான்று ஒன்றும் அவர் காட்டினாரல்லர். புலவர் வாழ்வு எத்தகையது என்பதையே அரசனுக்கு அறிவுறுத்தினார். நெடுவழி கடந்து சென்று, பெற்றதைப் பகுத்துண்டு, எவர்க்கும் தீங்கு எண்ணாது வாழ்வோர் அவர் என்றார். குற்றஞ்சாட்டப்பட்டவன் யாவன், அவன் தொழில் யாது, அவன் ஏன் இவ்விடம் வந்தான் என்பவற்றை அறியாத அவைக்கு அறிவித்தலே வாதத்தின் முதற்படி என்பது இதனாற் பெறப்படும்.

சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் வரும் வார்த்திகன் செய்தியும் ஈண்டு நினைத்தற்குரியது. அவன் மகன் பரிசிலாகப் பெற்ற அணிகலன்களைக் கண்டு, புதையலைக் கவர்ந்தான் என்று ஐயுற்ற அரச ஏவலர் அவனைச் சிறைப்படுத்தினர். மனைவி கார்த்திகை அழுது புலம்பினாள். ஐயை கோயிற் கதவம் அடைத்துக்கொண்டது. அதன் பின்னரே பாண்டியன் உண்மை உணர்ந்து, வார்த்திகனை விடுவித்துப் பிழை பொறுக்க வேண்டினான். ஏழை ஒருத்தியின் அழுகை அரண்மனைக்கு எட்டுதற்குத் தெய்வமே இடைப்பட வேண்டியிருந்தது எனக் காப்பியம் கூறுவது ஆழ்ந்து நோக்கற்பாலது. தெய்வம் இடைப்படாத நாளில் அவ்வழுகையை அவைக்குக் கொண்டு செல்வார் யார் என்னும் வினா அங்கே எழுகின்றது.

மணிமேகலை சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டி அரசனிடம் இசைவு பெற்றாள். பின்னர் உதயகுமரன் கொலையை ஒட்டித் தானே சிறைப்பட்டாள். கொலை செய்தவள் அவளல்லள். சிறையைத் திறந்தார்க்கும் சிறை நேரும் என்பதையும் அக்காப்பியம் மறைத்திலது.

3. மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய சவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களிற் பரவியுள்ளது. சமுனாமரத்தூர் அதன் நடுவூர். மலைபடுகடாம் பாடிய நன்னன் நாடாகிய செங்கம் இம்மலையை அடுத்தது. இங்கு வாழ்வோருட் பெரும்பாலர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சிப் பகுதியிலிருந்து மலையேறியோர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. பெயர் நோக்கி இவரைக் கேரளத்தவர் எனல் பிழையாம். மலையை ஆள்வோர் என்னும் பொருளதாகிய அப்பெயர்க்குரிய இவர் பேசுவது தமிழே.

சாமை முதலிய புன்செய்ப் பயிரும், புளி, கடுக்காய், தேன் முதலிய காடுபடு பொருள்களும் இவர்தம் வாழ்வுக்கு ஆதாரம். நிலம் வானம் பார்த்தது. விளைவு போதாத காலத்துக் கூலி நாடி மலையிறங்குதல் வழக்கமாயிற்று. மரம் அறுத்தலில் தேர்ந்த கைகளைத் தேடி இடைத்தரகர் வந்தனர். சேசாசலம் முதலிய ஆந்திர மலைகளில் இயற்கையாக வளரும் செம்மரம் அயல்நாட்டு வாணிகத்தில் பெருவிலை பெறுவது. வெட்டுவோன் பெறுவது நாட்கூலி. பெரும்பொருள் பெறுவோன் காட்டிற் கால் வைப்பதில்லை. ஆகலின், அகப்படுவோன் எப்பொழுதும் வெட்டுவோனே ஆனான்.

4. சிறையும் வழக்கும்

2013 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் சேசாசலக் காட்டில் வனத்துறை அலுவலர் இருவர் கொல்லப்பட்டனர். அக்கொலை கொடியது என்பதில் ஐயமில்லை. அதனை ஒட்டித் தமிழகத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் சிறைப்படுத்தப்பட்டனர். திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தோர் அவருட் பலர். இரண்டு ஆண்டுக்கு மேல் வழக்கு நடந்தது. 2016 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திருப்பதி நீதிமன்றம் 280-க்கு மேற்பட்டோரைக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என விடுவித்தது. குடியுரிமை இயக்கம் சார்ந்த தெலுங்கு வழக்கறிஞர்கள் இத்தகைய தமிழ்த் தொழிலாளர்க்காக வாதாடினர் என்பது போற்றற்குரியது. உறையூர் அவையிற் கோவூர் கிழார் செய்ததை இவர் வேற்றுமொழி மக்கள் பொருட்டுச் செய்தனர் எனலாம்.

இதனிடையே 2015 ஏப்பிரல் 7 ஆம் நாள் அதே மலைக்காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினரால் தமிழகத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோரைத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் கொண்டு சென்று நிறுத்தியது மதுரையிலுள்ள மக்கள் கண்காணிப்பகம். 1995 இல் என்றி திபேன் நிறுவிய தன்னார்வ அமைப்பு இது. சான்று கூறுவோன் அஞ்சி ஒடுங்கும் நிலையில், அவனுக்கு உறைவிடமும் பாதுகாப்பும் வழித்துணையும் அளித்தாலன்றி அவன் சொல் அவையேறாது. ஆதலின், சட்ட உதவி என்பது வழக்குமன்றத்துக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகின்றது.

தமிழகத்து எல்லைக்குள்ளும் இந்நிலை இருந்தது. 1992 சூன் 20 ஆம் நாள் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடியில் உள்ள வாச்சாத்தியில் சந்தனமரத் தேடலை முன்னிட்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து பெருங்கொடுமை இழைத்தனர். பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் விடாமுயற்சியால் வழக்கு நிலைபெற்றது. 269 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். அவருள் 54 பேர் இறந்தொழிய, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 இல் தீர்ப்பாயிற்று. 2023 இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. முதலிற் சிறைப்பட்டோர் குறையிரந்தோராகவும், சிறைப்படுத்தினோர் குற்றவாளிகளாகவும் மாறுதற்கு 19 ஆண்டுகள் சென்றன.

5. சட்டத்தின் வளர்ச்சி

1976 ஆம் ஆண்டின் 42 ஆம் திருத்தத்தால் அரசமைப்பில் 39அ என்னும் உறுப்புச் சேர்ந்தது. வறுமை காரணமாக எவர்க்கும் நீதி மறுக்கப்படலாகாது, இலவசச் சட்ட உதவி வேண்டும் என்பது அதன் கருத்து. 1979 இல் உசைனாரா கட்டூன் வழக்கில், விசாரணையின்றிப் பல்லாண்டு பீகார்ச் சிறைகளிற் கிடந்தோர்க்காக வழக்கறிஞர் புட்பா கபிலா இங்கோரானி உச்சநீதிமன்றம் சென்றார். விரைந்த விசாரணையும் இலவசச் சட்ட உதவியும் வாழ்வுரிமையின் கூறுகள் என அறுதியிடப்பட்டன. 1987 இல் சட்டப்பணி ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இவற்றினும் சவ்வாது மலையோர்க்கு நெருங்கியது 1978 ஆம் ஆண்டின் மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவர்க்குப் பிணையாக அவர் உடன்பிறந்தார் முன்வந்தார். அவர் வேறு மாவட்டத்தவர் என்று கூறி நடுவர் மறுத்தார். உச்சநீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதனைக் கடிந்தார். தென்னாட்டு மொழியினர் ஒருவர் தொலைவான ஊரிற் சிறைப்பட்டால் அவ்விடத்து நிலமுடையாரைப் பிணைக்கு எங்ஙனம் தேடுவர் என்று வினவி, அதற்கு எடுத்துக்காட்டாகத் தமிழரையும் சுட்டினார். 1957 இல் கேரளத்து முதல் அமைச்சரவையிற் சிறைத்துறையும் ஏற்றிருந்த அவர் இதனை நன்கு உணர்ந்திருந்தார் எனலாம்.

ஆயினும், 2023 சனவரி 31 ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் அதனையே கூற வேண்டியதாயிற்று. பிணையாணை பெற்றும் விடுதலை பெறாதோர் மிகப்பலராதலின், உள்ளூர்ப் பிணையாளர் வேண்டும் என்னும் நிபந்தனையை நீதிமன்றங்கள் விதியாதிருக்கலாம் என்றது. ஆணையின் படியைக் கைதிக்கு அனுப்புமாறும் பணித்தது. இரண்டு கூற்றுக்கும் இடையே ஏறத்தாழ 45 ஆண்டுகள் கழிந்தன. 2022 ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். விதி எழுதப்படுதல் வேறு, அது சிறைக்கதவை எட்டுதல் வேறு என்பது இதனால் தெளிவாம்.

6. மொழியே துணை

1894 இல் தென்னாப்பிரிக்காவின் தர்பனில் முதலாளியால் தாக்கப்பட்ட ஒப்பந்தக் கூலியாள் பாலசுந்தரம் காந்தியடிகளிடம் வந்தார். தமிழறிந்த எழுத்தர் ஒருவர் அடிகளிடம் இருந்தமையால் அவர் குறை தெளிவாயிற்று. ஒப்பந்தக் கூலி முதலாளியை விட்டு நீங்குதல் அந்நாளிற் சிறைக்குரிய குற்றம். சட்டம் வல்லார் ஒருவரும் மொழி வல்லார் ஒருவரும் ஒருங்கு கூடிய விடத்தே அவர்க்கு விடிவு பிறந்தது.

குற்றஞ்சாட்டப்பட்டவர் அறியாத மொழியிற் சான்று கூறப்படின், அவர் அறிந்த மொழியில் அதனைப் பெயர்த்துரைத்தல் வேண்டும் என்று 1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. அதன் வழிவந்த புதிய சட்டமும் அவ்வாறே விதிக்கின்றது. ஆனால், மலையோர் பேச்சு நகரத்தார் பேச்சன்று. காலத்தையும் தொலைவையும் நாழிகையாலும் நடையாலும் சுட்டுவோர் கூற்று, ஆவணத்திற் பிழைபட ஏறுதற்கு இடமுண்டு. கைந்நாட்டு வைத்த தாளில் உள்ளது தம் சொல்லா, பிறர் சொல்லா என அறியாதார்க்கு வாதம் யாது பயன் தரும்?

ஆதலின், இத்தகைய நிறுவனத்தின் தலைமையை ஏற்பார்க்குக் கடன்கள் மூன்று உள. சிறைதோறும் சென்று யார் எவ்வூரார் எனப் பட்டி எடுத்தல் ஒன்று. ஊரில் உள்ளாரை அறிவித்துப் பிணைக்குரியவற்றைத் தேடல் ஒன்று. கைதியின் சொல் திரியாமல் அவையேறச் செய்தல் ஒன்று. முதலிரண்டும் உழைப்பால் முடிவன. மூன்றாவது மொழிப்பயிற்சியின்றி முடியாது.

7. முடிவுரை

செம்மரமும் சந்தனமும் காக்கப்படவேண்டியனவே. குற்றம் செய்தார் ஒறுக்கப்படுதலை இக்கட்டுரை மறுக்கவில்லை. செய்தார் யார் என்பதை முறைப்படி அறிந்து ஒறுத்தலே செங்கோன்மை. ஆராயாது கோவலனைக் கொன்ற அவையின் முடிவை அறிந்த நமக்கு இது புதிதன்று.

தமிழ்த்துறையினர் இதில் ஆற்றுதற்குரிய பணி ஒன்றுண்டு. மலையோர் பேச்சுவழக்கைத் தொகுத்து, வழக்குமன்றச் சொற்களுக்குத் தமிழும் தெலுங்கும் ஒருங்கே தரும் கையேடு ஒன்றை அமைத்தல் வேண்டும். முதுகலை மாணவருள் இருமொழி வல்லாரைப் பெயர்த்துரைப்போராகப் பயிற்றுதலும் வேண்டும். கோவூர் கிழார் புலவர், வழக்கறிஞர் அல்லர். அவர் செய்ததை அவர் பாட்டைப் பயிலும் நாம் நம்மால் இயன்ற அளவிற் செய்தல் முறையாம்.