வைட்ஃபீல்டு: ஊர்ப்பெயருக்குள் மறைந்த உழவர் குடியிருப்பு

பெங்களூரின் வைட்ஃபீல்டு என்றதும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களும் நெரிசல் மிகுந்த சாலைகளுமே நினைவுக்கு வருகின்றன. அப்பெயரை 'வெள்ளை வயல்' எனப் பிரித்துப் பொருள்கொள்வது எளிது. ஆனால் அது பிழை. அதன் முற்பகுதி நிறப்பெயர் அன்று, ஆட்பெயர். சென்னையில் யுரேஷியர் சங்கத்தை முன்னின்று நடத்திய டி. எஸ். வைட் என்பவரின் பெயர் அது. 'வயல்' என்னும் பிற்பகுதியோ அவ்வூர் தோன்றிய நோக்கத்தோடு பொருந்தி நிற்கிறது.

ஐரோப்பியத் தந்தையர்க்கும் இந்தியத் தாயர்க்கும் பிறந்தோரின் வழியினர் அன்று யுரேஷியர் எனப்பட்டனர். இந்தியத் தாய்க்குப் பிறந்தோரைத் தன் குடிமைப் பணியிலும் படைப்பணியிலும் அமர்த்துவதில்லை என்று 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனி முடிவெடுத்தது. பின்னாளில் இரயில்வேயும் தந்தித்துறையும் அவர்களுக்கு வாழ்வளித்தன. எனினும் அரசுப் பணிக்கான போட்டி பெருகியபோது, மாதச் சம்பளத்தை மட்டும் நம்பிய ஒரு சமூகத்தின் எதிர்காலம் கேள்விக்குறியாயிற்று. சொந்த நிலமும் உழவும் அதற்கு விடையாகும் என்று வைட் கருதினார்.

1882இல் மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார், மைசூர்-குடகு யுரேஷியர், ஆங்கிலோ-இந்தியர் சங்கத்திற்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். நடுவே வட்டமான பொதுத்திடல், அதைச் சூழ வீடுகள், அப்பால் விளைநிலங்கள் என ஊர் வகுக்கப்பட்டது. 'இன்னர் சர்க்கிள்' என்னும் தெருப்பெயர் அவ்வட்டத்தின் எச்சமே.

உழவு அவர்கள் எண்ணியவாறு தழைக்கவில்லை. நகர்ப்புறச் சம்பளப் பணியில் பழகியோர்க்கு நிலத்தைத் தந்தால் மட்டும் போதுமா? காலப்போக்கில் அவ்வூர், கோலார் தங்கவயல் முதலிய இடங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றோர் தங்கும் அமைதியான இடமாயிற்று. விடுதலைக்குப் பின் ஆங்கிலோ-இந்தியர் பலர் பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர். 1990களில் தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் எஞ்சிய தோட்டவீடுகளின் இடத்தில் அடுக்ககங்கள் எழுந்தன.

இன்று அவ்வூரின் பழமை பற்றிப் பேசுவோர், இளம் சர்ச்சில் அங்கிருந்த வேவர்லி விடுதிக்கு வந்துபோன கதையையே முதலில் சொல்கின்றனர். ஒரு சமூகம் மண்ணில் வேரூன்ற முயன்ற வரலாறு, ஒரு விருந்தினரைப் பற்றிய கதையாகச் சுருங்கிவிட்டது.

இன்னொரு மறைவும் உண்டு. நம் அரசமைப்பின் 366(2)ஆம் உறுப்பு, தந்தைவழியை மட்டுமே கொண்டு ஆங்கிலோ-இந்தியரை வரையறுக்கிறது. இச்சமூகத்தைத் தோற்றுவித்த இந்தியத் தாயர் அவ்வரையறைக்குள் இல்லை, ஊர்ப்பெயரிலும் இல்லை. பெயர்கள் நினைவைக் காப்பதுபோலவே மறக்கவும் செய்கின்றன. ஆகவே இச்சமூகத்தை ஆராய முற்படும் மாணவர்கள், ஊரைத் தோற்றுவித்தவரின் பெயரோடு நின்றுவிடாமல், திருமுழுக்குப் பதிவேடுகளிலும் கல்லறைக் கற்களிலும் அத்தாயரின் பெயர்களைத் தேட வேண்டும்.