எழுதும் பெட்டியின் கதை

பத்திரிகை அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எழுதுவதற்கு எமக்குத் தேவைப்பட்டவை இரண்டே பொருட்கள்தான். அளவாக வெட்டிக் கட்டிய மலிவான தாள்கள், மை கசியாத ஒரு பேனா. எழுதிய தாளை அச்சுக்கோப்பாளரிடம் கொடுத்துவிட்டால் எமது கவலை தீர்ந்தது. தாள் கிழிந்தாலும், குப்பைக் கூடைக்குள் போனாலும் தேடி எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். கணினித் திரையில் எழுதத் தொடங்கிய பின்னர்தான், எழுதிய ஒன்று சுவடே இல்லாமல் மறைந்துபோகக்கூடும் என்பதை எமது தலைமுறையினர் அறிந்துகொண்டார்கள்.

என்னைவிடப் பத்து வயது மூத்த சக பத்திரிகையாளர் ஒருவர் இருந்தார். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த நாட்களில் அங்கு செய்தி சேகரித்தவர். அந்த நாட்களைப் பற்றி எழுதுங்கள் என்று பல வருடங்களாக நச்சரித்து, 2005ஆம் ஆண்டில் அவருக்கு ஒரு வலைப்பதிவைத் தொடங்கிக் கொடுத்தேன். மூன்று மணித்தியாலங்கள் ஒற்றை விரலால் தட்டி எழுதி முடித்து, வெளியிடும் பொத்தானை அழுத்தியிருக்கிறார். இணைப்பு இடையில் அறுந்திருந்தது. திரும்பி வந்த பக்கம் கடவுச்சொல்லைக் கேட்டது. எழுதியதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. 'மீண்டும் எழுதலாம்தானே ஐயா' என்றேன். 'எழுதலாம் தம்பி. ஆனால் அது வராது' என்றார். அவர் எழுதவேயில்லை. அவர் காலமானபோது அந்த நினைவுகளும் அவருடனேயே போய்விட்டன.

எழுதும் கருவியின் வசதி என்பது சோம்பேறிகளின் விருப்பம் அல்ல என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அந்தப் பெட்டியின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியதும் அதுவே.

எடிட்டர் என்றால் எமக்கு ஓர் ஆள். செய்தியைத் திருத்துபவர், சில வேளைகளில் திட்டுபவர். கணினி உலகிலோ எழுத்தை உள்ளிடும் இடத்துக்கே அந்தப் பெயர். இணையத்தில் எழுதுவதும் வாசிப்பதும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்பதே ஆரம்ப எண்ணமாக இருந்தது. ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில் ரிம் பேர்ணர்ஸ் லீ 1990ஆம் ஆண்டில் உருவாக்கிய முதல் உலாவியில், பக்கத்தைப் பார்க்கும்போதே அதைத் திருத்தி எழுதவும் முடிந்தது. ஆனால் அதன்பின் பரவலான உலாவிகள் வாசிப்பதற்கு மாத்திரமே உதவின. வாசகன் பெருகினான். எழுதுபவன் வெளியே நிறுத்தப்பட்டான்.

அவனை மீண்டும் உள்ளே அழைத்தவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் பைரா லாப்ஸ் நிறுவனம் 1999 ஆகஸ்டில் தொடங்கிய புளொக்கர். 2003ஆம் ஆண்டில் கூகிள் அதை வாங்கியது. ஒரு பெட்டி, அதற்குக் கீழே ஒரு பொத்தான். அந்த எளிமையே அதன் வெற்றி. எனினும், ஆரம்ப காலத்தில் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் காட்ட வேண்டுமானால் அதன் இருபுறமும் நிரல் குறியீடுகளை இட வேண்டியிருந்தது. அச்சுக்கோப்பாளரின் வேலையும் எழுத்தாளரின் தலையில் விழுந்தது எனலாம்.

2003ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ட்பிரஸ் மென்பொருளின் அடுத்தடுத்த பதிப்புகளைப் பார்த்தால் எழுதுபவரின் சங்கடங்கள் ஒவ்வொன்றாகக் கவனிக்கப்பட்டது புரியும். 2005 டிசெம்பரில் வந்த 2.0 பதிப்பு, எழுதும்போதே எழுத்தின் தோற்றத்தைக் காட்டியது. 2007 ஜனவரியில் வந்த 2.1 பதிப்பு, எழுதுவதை இடையிடையே தானாகவே சேமிக்கத் தொடங்கியது. 2008இல் வந்த 2.6 பதிப்பு, முன்னைய திருத்தங்களையும் பாதுகாத்து, நேற்றைய வாக்கியத்தை மீட்டெடுக்க வழிசெய்தது. 2011இல் வந்த 3.2 பதிப்பு, சுற்றியிருந்த பட்டியல்களையும் பொத்தான்களையும் மறைத்து வெறுந்தாள் போன்ற திரையைத் தந்தது. இவற்றில் மிகப் பெரியது எதுவென்று கேட்டால் தானாகச் சேமிக்கும் வசதியையே சொல்வேன். அது எனது நண்பருக்கு இரண்டு வருடங்கள் பிந்தி வந்தது.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்ட போதிலும், அது எமது மேசைக்கு வந்து சேர வருடங்கள் எடுத்தன. பாமினி எழுத்துருவில் பழகிய கைகள் வேறோர் இடத்தில் எழுதி, சுரதா யாழ்வாணனின் எழுத்துரு மாற்றியில் ஒருங்குறியாக்கி, அதன் பின்னரே பெட்டியில் ஒட்டின. எ-கலப்பை போன்ற மென்பொருட்கள் வந்த பின்னர்தான் பெட்டிக்குள் நேரடியாகத் தமிழில் எழுத முடிந்தது. அப்போதும் 'கொ' என்ற எழுத்தை அழிக்கப் பின்நகர்வு விசையை ஒரு தடவை அழுத்தினால் குறி மாத்திரம் போய் 'க' நிற்கும். கணினிக்கு அவை இரண்டு குறியீடுகள், எமக்கோ ஓர் எழுத்து. இத்தனை சிரமங்களையும் தாங்கிக்கொண்டு எழுதியவர்களாலேயே தமிழ் இணையம் வளர்ந்தது என்பதை மறந்துவிடலாகாது.

வசதி என்ற பெயரில் வருவதெல்லாம் எல்லோருக்கும் வசதியாக அமைந்துவிடுவதுமில்லை. 2018 டிசெம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 பதிப்பு, அச்சுக்கலையின் முன்னோடியான குட்டன்பேர்க்கின் பெயரில் புதியதோர் எழுதும் முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பந்தியும் தனித்தனிக் கட்டமாயிற்று. பக்கத்தை அழகுபடுத்துவோருக்கு அது வரப்பிரசாதம். நீண்ட கட்டுரையை ஒரே மூச்சில் எழுதுவோருக்கு, தாளைத் துண்டு துண்டாக வெட்டிக் கையில் கொடுத்தது போலிருந்தது. பழைய பெட்டியை மீட்டுத் தரும் செருகுநிரலை ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமான தளங்கள் நிறுவிக்கொண்டன. பழகிய கையின் பிடிவாதம் என்று மாத்திரம் அதை ஒதுக்கிவிட முடியாது. பக்கத்தை வடிவமைப்பதும் எழுதுவதும் வெவ்வேறு வேலைகள் என்பதைப் பத்திரிகை அலுவலகத்தில் இருந்த எவரும் அறிவர்.

நல்ல எழுதும் பெட்டிக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். எழுதுபவர் அதை மறந்துவிட வேண்டும். பேனாவை நினைத்துக்கொண்டு எவரும் எழுதியதில்லை.

யுத்த காலத்தில் செய்தி சேகரித்த பலர் இன்றும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடமுள்ளவை வேறு எங்கும் பதியப்படாதவை. அவர்களுக்கு உதவ விரும்பும் இளையவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய வசதிகளை விளக்கிக் களைப்படைய வைக்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். தேவையற்ற பொத்தான்களை மறைத்துவிடுங்கள். எழுதுவது தானாகச் சேமிக்கப்படுகிறதா என்று ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். பிறகு பக்கத்தில் நிற்காமல் எழுந்து போய்விடுங்கள். அவர்கள் எழுதுவார்கள்.